ஓட்டுப் போடாமல் இருந்தால் யாருக்குத் தண்டனை? குடிமக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், நான் ஓட்டுப் போடப் போவதில்லை" என்பவர்கள், அதை அரசியல்வாதிகளுக்குத் தரும் தண்டனையாக நினைக்கிறார்கள். கணக்கு நேர்மாறானது. நீங்கள் வராவிட்டால், தவறாமல் வருகிறவரின் ஓட்டுக்கு எடை கூடுகிறது. யார் வருவார்கள் என்று பார்த்துத்தான் வேட்பாளர்களும் வாக்குறுதி தருகிறார்கள்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்? ராஜஸ்தானில் 2008 சட்டமன்றத் தேர்தலில் அம்மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி. ஜோஷி நாத்துவாரா தொகுதியில் தோற்றது ஒரே ஒரு ஓட்டில். இது அபூர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன். யாரையும் பிடிக்கவில்லை என்றால் நோட்டாவை ("மேற்கண்ட எவருக்கும் இல்லை" என்ற பொத்தானை) அழுத்துவது வீட்டில் இருப்பதைவிட மேல். ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும் அடுத்த இடத்தில் இருக்கும் வேட்பாளர்தான் ஜெயித்தவர்.

"ஜனங்களுக்கு அக்கறை கிடையாது" என்று கைகழுவுவது இன்னொரு தவறு. ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் வாக்குப்பதிவு 60 சதவீதத்தைத் தொடவில்லை. 1924-இல் கட்டாய வாக்களிப்புச் சட்டம் வந்தது; மறு ஆண்டே 91 சதவீதத்தைத் தாண்டியது. அதே ஜனங்கள்தானே!

சரி, ஓட்டுப் போட்டாயிற்று. அப்புறம் ஐந்து வருடம் தூங்குவதுதான் என் கணக்கில் ஆகப் பெரிய தவறு. தலைநகர அரசியலை ராத்திரி முழுக்க அலசுகிறவர்களுக்குத் தங்கள் வார்டு உறுப்பினர் பெயர் தெரியாது. குழாய்த் தண்ணீரும் குப்பையும் தெருவிளக்கும் அவர் கையில்தான். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல், நகராட்சி நிதியில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடலாம் என்று மக்களே பகுதி வாரியாகக் கூடி முடிவு செய்யத் தொடங்கினார்கள். அந்த வசதி இல்லாத ஊரிலும் வரவு செலவுத் திட்டம் ஆண்டுதோறும் வரத்தான் செய்கிறது. அது நிறைவேறிய பிறகு கத்துவதில் பலனில்லை. பணம் அதற்குள் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். திட்டம் தயாராகும் மாதங்களிலேயே போய் நிற்க வேண்டும். கட்டட, நில அறிவிப்புகளும் அப்படித்தான்: ஆட்சேபணைக்கான கெடு முடிந்தால் கதவு மூடிவிடும்.

மனு எழுதுவதிலும் கோட்டை விடுகிறோம். "எங்கள் பகுதிக்கு அடிப்படை வசதி செய்து தரவும்" என்று எழுதினால், "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பதில்தான் வரும். "பள்ளி வாசலில் நடைபாதை உடைந்து, பிள்ளைகள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். சரிசெய்ய இந்த ஆண்டு நிதி ஒதுக்கவும்" என்று எழுதுங்கள், படம் ஒன்று சேருங்கள், தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். முகநூலில் நூறு பேர் கோபக் குறி போட்ட பதிவுக்குக் கோப்பு எண் கிடையாது, இதற்கு உண்டு.

ஆர்வக்கோளாறில் பத்துப் பிரச்சினைகளை ஒரே ஆளாகத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். மூன்றே மாதத்தில் சலித்து, "எல்லாம் வேஸ்ட்" என்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு, கூட்டத்துக்கு ஒருவர் போக, மனுவின் நிலையை இன்னொருவர் விசாரிக்கட்டும்.