காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழியைச் சொல்லவைப்பது எப்படி?

‘இந்தியா எனது நாடு’ என்று தொடங்கும் தேசிய உறுதிமொழிக்கு ராகமும் தாளமும் கிடையாது. பேசுவதற்கென்றே எழுதிய உரைநடை அது. அதனால் முன்நின்று சொல்லும் மாணவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதுதான் முக்கியம்.

முதலில் வகுப்பறையில் அதன் பிறப்பைச் சொல்லிவிடுங்கள். விசாகப்பட்டினத்தில் மாவட்டக் கருவூல அலுவலராக இருந்த பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ், 1962இல் இதைத் தெலுங்கில் எழுதினார். அரசியல் தலைவர் தென்னேட்டி விஸ்வநாதம் வழியாக அது ஆந்திரக் கல்வி அமைச்சர் பி.வி.ஜி. ராஜுவிடம் போய்ச் சேர்ந்தது. 1963இல் விசாகப்பட்டினத்துப் பள்ளியொன்றில் ஒலித்தது. 1964 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சர் எம்.சி. சாக்ளா தலைமையில் பெங்களூரில் கூடிய மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு பரிந்துரைக்க, 1965 ஜனவரி 26 முதல் நாடெங்கும் பள்ளிகளுக்கு வந்தது. தேசிய கீதத்தோடு தாகூரின் பெயரைச் சொல்லும் பிள்ளைகளுக்கு சுப்பாராவின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, வரிகளைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் மூன்று, நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம். பெரும்பாலும் சிக்குவது நான்காம் வாக்கியம். அதை ஒரே மூச்சில் சொன்னால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் நடுவில் முணுமுணுத்து, கடைசிச் சொல்லில் மட்டும் குரல் சேர்ப்பார்கள். ‘இந்நாட்டின் பழம்பெருமைக்காகவும்’, ‘பன்முக மரபுச் சிறப்புக்காகவும்’, ‘நான் பெருமிதம் அடைகிறேன்’ என்று மூன்றாக உடையுங்கள். ‘பழம்’ என்பதிலுள்ள ழகரத்தைத் தனியாகச் சொல்லிப் பழக்குங்கள். ‘பன்முக’ என்றால் என்ன என்று ஒருமுறை விளக்கினால் அந்தச் சொல் வாயில் தானாகவே நிற்கும்.

கூட்டத்தில் கால்களைச் சேர்த்து நேராக நிற்கவேண்டும். வலக்கையைத் தோள் உயரத்தில் முன்னே நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க வைக்கவேண்டும். முன்னிருப்பவர் முதுகில் விரல் படாதபடி, வரிசையில் ஒரு கை நீளம் இடைவெளி விடுங்கள். நடுவில் கைகள் தாழ்ந்தால் குழந்தைகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். வேகம் குறைந்துவிட்டது என்றே அதற்குப் பொருள்.

முன்சொல்பவர் அடுத்த துண்டைத் தொடங்குமுன் கடைசி வரிசையின் குரல் அடங்கவேண்டும். பெரிய மைதானத்தில் ஒலி பின்னால் போய்ச்சேரச் சற்று நேரமாகும்; காத்திருக்காவிட்டால் இரண்டு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

‘உழைத்திட முனைந்து நிற்பேன்’ என்ற வரியை நிதானமாகச் சொல்லச் செய்யுங்கள். ஆங்கில வடிவம் இங்கே பக்தியைப் பேசுகிறது. தெலுங்கில் இருப்பதோ சேவை. தமிழில் அது உழைப்பாகியிருக்கிறது, மூலத்துக்கு நெருக்கமாக, இன்னும் அழகாக!

இறுதி வாக்கியத்தில் ‘பெறுவதிலேதான்’ என்னும் சொல்லின் ‘தான்’ அழுத்தமாக விழவேண்டும். மக்களின் நலத்தில் மட்டுமே என் மகிழ்ச்சி என்ற பொருள் அந்த ஓரசையில் இருக்கிறது. ‘மகிழ்ச்சி காண்பேன்’ என்று கூட்டம் சொல்லி முடித்த பிறகே கைகள் இறங்கட்டும்.