புழுவைப் பாத்ததும் மருந்தைத் தூக்காதீங்க: வண்டுப்புழு விஷயத்துல திரும்பத் திரும்ப நடக்குற தப்புங்க

புதுசா செடி வளர்க்குற நாலஞ்சு பேர் இந்த மாசம் ஒரே மாதிரி கேட்டாங்க, தொட்டியைக் கிளறினா வெள்ளையா குண்டா புழு வருது, என்ன மருந்து ஊத்தணும்னு. என்ன புழுன்னு ஒருத்தரும் கேக்கல. நானும் ஒரு காலத்துல இதையேதான் செஞ்சேன், அதனாலதான் எழுதுறேன். கம்பளிப்புழுவையும் வண்டுப்புழுவையும் குழப்பிக்கிறதெல்லாம் பழகப்பழக சரியாயிடும், அதை விடுங்க.

சுருண்டு கிடந்தாலே வேர்ப்புழுன்னு முடிவு பண்றது

இன்னிக்கும் என்னால தாங்க முடியாத தப்பு இதுதான். எட்டு மாசமா சேத்த கம்போஸ்ட் தொட்டியில நாப்பது புழு இருந்துச்சு, எல்லாத்தையும் பொறுக்கி சோப்புத் தண்ணியில போட்டுட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு பூச்சிமருந்தையும் ஊத்தினேன், அப்புறம் அந்த உரத்தை காய்கறிச் செடிக்குப் போட முடியாம மொத்தமா கொட்ட வேண்டியதாப் போச்சு. அது செடியோட வேரைத் தின்னுற வேர்ப்புழுவே இல்ல, பூவுல மகரந்தம் தின்ன வர்ற வண்டோட புழு. காஞ்ச இலையைத் தின்னு குட்டிக்குட்டி உருண்டையா எச்சம் போடும், அந்த எச்சமே நல்ல உரம்.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். சமமான தரையில விடுங்க. மல்லாக்கத் திரும்பி, காலெல்லாம் மேல ஆட, முதுகாலயே ஊர்ந்து போச்சுன்னா அதைத் திரும்ப கம்போஸ்ட்லயே விட்டுடுங்க. தலை சின்னதா, கால் குட்டையா, பின்பக்கம் தடியா இருக்கும். வேர்ப்புழுவுக்குத் தலை பெருசு, காலும் நீளம், முதுகால ஊராது, பக்கவாட்டுல சாஞ்சு கிடக்கும். ஆனா ஒண்ணு, முதுகால ஊராததெல்லாம் வேர்ப்புழுன்னும் எடுத்துக்கக் கூடாது, காண்டாமிருக வண்டோட புழு விரல் தடிமனுக்கு கம்போஸ்ட்லயே வளரும், அதுவும் மக்குனதைத்தான் தின்னும், வண்டானப்புறம்தான் தென்னங்குருத்தைத் துளைக்கும், அதனால பக்கத்துல தென்னை இருந்தா அதைப் பொறுக்கி எடுத்துடுங்க. செடி வாடி, இழுத்தா வேரில்லாம கையோட வந்து, அடியில புழுவும் இருந்தாத்தான் வேர்ப்புழுன்னு சந்தேகப்படணும்.

தோல் தடிப்பைப் பாத்து மூட்டைப்பூச்சின்னு மெத்தையைத் தூக்கிப் போடுறது

வீட்டுக்குள்ள கிடைச்ச புழு நாலஞ்சு மில்லிமீட்டர்ல, பழுப்புப் பட்டையும் முடியுமா இருந்தா அது கம்பள வண்டோட புழு. அது கடிக்காது, அதோட முடி பட்டுத்தான் சிலருக்குத் தோல் தடிக்கும். கம்பளி, பட்டு, உதிர்ந்த முடி, செத்த பூச்சின்னு தின்னும். அலமாரி மூலையில அது உரிச்சுப் போட்ட தோல் கிடக்குதான்னு பாருங்க, அந்த இடத்தை வேக்குவம் போட்டு சுத்தமா எடுங்க.

மரத்தூள் கொட்டினாலே கரையான்ங்கிறது

பவுடர் மாதிரி நைசா கொட்டி, குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டையும் இருந்தா உள்ள இருக்குறது வண்டுப்புழு.

பொறிவண்டுப் புழுவை நசுக்குறது

கருப்பா, ஆரஞ்சுப் புள்ளியோட, முதலைக்குட்டி மாதிரி இருக்குறது, செடிச் சாறை உறிஞ்சுற அசுவினிப் பூச்சியைத் தின்ன வந்தது. மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையா இருந்துட்டு வேகமா ஓடுதுன்னா அதுவும் பொறிவண்டுப் புழுதான், மாவுப்பூச்சியைத் தின்ன வந்திருக்கு. தயவுசெஞ்சு விட்டுடுங்க.

நசுக்கிட்டு போட்டோ அனுப்புறது

உயிரோட எடுங்க. தலை, கால், பின்நுனி மூணும் தெரியணும், பக்கத்துல ஒரு காசு வைங்க, எங்க இருந்துச்சுன்னும் சொல்லுங்க.