மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் சர்க்கரையைக் கவனிக்கும் முறை

ஓலான்சபின், குளோசபின் போன்ற மனநோய் மருந்துகள் பசியைக் கூட்டி, எடையையும் ரத்தச் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. ஆகவே மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையை 12 வாரங்களில் மறுபடியும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பார்க்க வேண்டும். அளவு ஏறிவிட்டது என்று பயந்து மனநோய் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. மனநோய் திரும்பினால் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தே நின்றுபோகக்கூடும். மருந்தை மாற்றுவதா, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பதா என்பது மருத்துவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. மனநல மருத்துவர், சர்க்கரை மருத்துவர் இருவரிடமும் முழு மருந்துப் பட்டியலையும் காட்டுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேறோர் இடத்தில். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குத் திடீரென வியர்க்கிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, கேட்ட கேள்விக்கு எரிந்து விழுகிறார். பதற்றம் மீண்டும் வந்துவிட்டது என்று அவரைச் சமாதானப்படுத்த முனைவதற்கு முன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். கை நடுக்கத்துக்காக ப்ரொப்ரனலால் எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகலாம், வியர்வைதான் முக்கிய அடையாளமாக நிற்கக்கூடும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. அடிக்கடி தாகம் எடுப்பதும் சிறுநீர் கழிப்பதும் லித்தியம் என்ற மனநல மருந்தின் விளைவாகவும் இருக்கலாம், சர்க்கரை ஏறியதாலும் இருக்கலாம். சோதிக்காமல் சொல்ல முடியாது. உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறக்கூடும் என்பதால் தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது ஆபத்து.

மனச்சோர்வு மிகுந்த நாள்களில் சாப்பாடு தவறும். அன்று வழக்கமான அளவு இன்சுலினைப் போடலாமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தற்கொலை எண்ணம் இருப்பவரிடம் இன்சுலினையும் மாத்திரைகளையும் மொத்தமாக விடாமல், வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும். இதை அவருக்குத் தெரியாமல் செய்யாமல், காரணத்தைச் சொல்லியே செய்வது நல்லது. ‘ஊசி போட்டாயா?’ என்று தினமும் தூரத்திலிருந்து கேட்பதைவிட, இன்சுலின் பேனாவின் திருகில் அளவு எண் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு அதிக நேரம் ஆகாது.