நம் வீட்டுச் சோறு

திருகோணமலையில் என்னிடம் விக்கிப்பீடியா பழக வந்த தம்பி ஒருவர் கன்னியா வெந்நீரூற்று பற்றி எழுதினார். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. எல்லாம் சரி, சான்றுதான் இல்லை. 'சான்று தேவை' என்று வார்ப்புரு (கட்டுரையில் ஒட்டும் ஆயத்தக் குறிப்பு) இட்டேன். மறுநாள் ஒரு சுற்றுலா இணையத்தளத்தைச் சான்றாகக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால், விக்கிப்பீடியாவையே வரிக்கு வரி நகலெடுத்திருந்தது! நம் வீட்டுச் சோற்றை அடுத்த வீட்டில் வாங்கிவந்த கதைதான்.

பிழை என்னுடையது. எங்கே தேடுவதென்று நான் சொல்லவேயில்லை.

ஞாயிறன்று இருவருமாக, இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் தேடினோம். ஆசிரியர், நூல், ஆண்டு, பக்க எண். முதலில் இவற்றை நிரப்புங்கள், வாக்கியம் பிறகு என்றேன். இராவணன் வாளால் குத்தி ஊற்றெடுத்த கதையை, நான் சொல்லாமலே 'ஐதீகம்' என்று தனிப் பத்தியாக்கினார்.