ஹேக்கின்டாஷில் (மேக்ஓஎஸ் நிறுவிய சாதாரண பிசியில்) ஆப்பிள் லோகோவுக்குப் பிறகு கருந்திரையா?

முதலில் மேக்ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் ஓப்பன்கோர் பூட்லோடரின் பூட்-ஆர்க்ஸில் (தொடக்கக் கட்டளைகளில்) ‘-வி’ (-v) சேர்த்துப் பாருங்கள்; பூட் ஆகும்போது நடப்பதை இது எழுத்தாகக் காட்டும். எழுத்துகள் ஓடி ‘ஐஓகன்சோல்யூசர்ஸ்’ (IOConsoleUsers) வரியில் நின்றால், பெரும்பாலும் கோளாறு கிராபிக்ஸில்தான்; மேக்ஓஎஸ்ஸை மறுபடி நிறுவி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 5700, 6600, 6800 போன்ற நவி வகை கிராபிக்ஸ் கார்டு என்றால் பூட்-ஆர்க்ஸில் ‘ஏஜிடிபிமாட்=பிகேரா’ (agdpmod=pikera) அவசியம். மேக் மாடலின் போர்டு ஐடியைச் சோதித்து டிஸ்ப்ளேயை முடக்கும் கட்டத்தை இது தவிர்க்கிறது. ஆனால் கிராபிக்ஸைச் சரிசெய்யும் வாட்எவர்கிரீன் கெக்ஸ்ட் (மேக்ஓஎஸ் கெர்னலின் துணைநிரல்) ஏறினால்தான் இந்த ஆர்க்யூமென்ட் வேலை செய்யும். அதற்கு முன் அதன் அடிப்படையான லிலு கெக்ஸ்ட் ஏற வேண்டும். ஓப்பன்கோரின் அமைப்புக் கோப்பான கன்ஃபிக் பிளிஸ்ட்டில் (config.plist) கெர்னல் பகுதியின் வரிசையைக் கண்டிப்பாகப் பாருங்கள், பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

பயாஸில் சிஎஸ்எம் (பழைய பூட் முறைக்கான வசதி) அணைந்தும், அபவ் 4ஜி டிகோடிங் (கார்டுக்கு 4 ஜிபிக்கு மேலுள்ள நினைவக முகவரிகளைத் தரும் வசதி) இயங்கியும் இருக்கட்டும். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகியிருக்க வேண்டும். இன்டெல் உள்கிராபிக்ஸையும் வைத்திருந்தால் அதற்கு ஹெட்லெஸ் (திரைக்குப் படம் அனுப்பாத) பிளாட்ஃபார்ம் ஐடி கொடுங்கள்.

என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மேக்ஓஎஸ் டிரைவரே கிடையாது. என்விடியாவின் பாஸ்கல் (ஜிடிஎக்ஸ் 10 வரிசை) கார்டுகள் மேக்ஓஎஸ் ஹை சியராவோடு சரி. டிரைவர் இல்லாத இடத்தில் எந்த ஆர்க்யூமென்ட்டும் உதவாது.

மாற்றியபின் பூட் மெனுவில் என்விராமை (பூட் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகத்தை) ரீசெட் செய்யுங்கள். பழைய பூட்-ஆர்க்ஸ் அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். புது ஈஎஃப்ஐ ஃபோல்டரை (ஓப்பன்கோர் கோப்புகள் இருப்பது) முதலில் ஃபேட்32 பென்டிரைவிலிருந்து சோதியுங்கள். சொதப்பினாலும் டிஸ்க்கில் உள்ளது பத்திரமாக இருக்கும்.