சிலந்தி வலை கரையாமல் இருக்க: ஹாலோவீன் டிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் அக்டோபர் 31 இரவு ஹாலோவீன் விருந்துக்குப் போனால், சிப்ஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில், தொட்டுக்கொள்ள ஒரு சிலந்தி வலை டிப் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அடிப்படையில் அது டெக்சஸ், மெக்சிகோ சுவைகள் கலந்த டெக்ஸ்-மெக்ஸ் சமையலின் ஏழடுக்கு டிப்தான். மசித்த பீன்ஸ், குவாக்கமோலி (அவகாடோ மசியல்), சல்சா (தக்காளிச் சட்னி மாதிரி), சவர் கிரீம் (புளிக்கவைத்த கிரீம்), துருவிய சீஸ், வெங்காயத்தாள், கறுப்பு ஆலிவ் என்று அடுக்கடுக்காக வைப்பார்கள். ஹாலோவீனுக்காக மேல்பரப்பில் சவர் கிரீமால் ஒரு வலை வரைந்து, ஆலிவில் செய்த சிலந்தியை அதில் உட்கார வைப்பார்கள். பார்க்க எளிதான வேலை. ஆனால் விருந்து தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வலை கரைந்து, ஓரத்தில் தண்ணீர் கட்டி, பச்சை நிறம் பழுப்பாகிப் போன தட்டுகள் ஏராளம். இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தண்ணீர்தான். அலங்காரத்தைப் பற்றி யோசிக்கும் முன்னால், எந்தெந்த அடுக்கிலிருந்து தண்ணீர் வரும் என்று யோசிக்க வேண்டும்.

முதல் குற்றவாளி தக்காளி. பொடியாக நறுக்கிய தக்காளியை அப்படியே அடுக்கில் கொட்டிவிடுகிறார்கள். உப்பு பட்டதும் அது நீர் விடத் தொடங்கும். அந்த நீர் நேராக அடியில் இருக்கும் பீன்ஸுக்கு இறங்கும், இல்லையென்றால் பக்கவாட்டில் வழியும். தக்காளியை இரண்டாக வெட்டி, விதையையும் அதைச் சுற்றியுள்ள வழுவழுப்பையும் விரலால் வழித்து எடுத்துவிடுங்கள். சதையை மட்டும் நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பிசறி, வடிகட்டியில் கால் மணி நேரம் வையுங்கள். கீழே எவ்வளவு நீர் சேர்கிறது என்று பார்த்தால், அதையெல்லாம் டிப்புக்குள் விட இருந்தோமே என்று புரியும். கடையில் வாங்கிய சல்சாவையும் இப்படி வடிகட்டித்தான் போட வேண்டும். வடிந்த நீரை வீணாக்க வேண்டாம், பீன்ஸை மசிக்கும்போது அது உதவும்.

அடுத்தது சவர் கிரீம். கொழுப்பு குறைத்த வகையை வாங்குவதுதான் இங்கே பெரிய தவறு. அமெரிக்க விதிப்படி சாதாரண சவர் கிரீமில் குறைந்தது 18 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். அந்தக் கொழுப்புதான் வலையின் கோடு நிற்கக் காரணம். லைட் வகையில் கோடு போட்டால் சீக்கிரமே பரவிவிடும். இன்னொரு தவறு, டப்பாவைத் திறந்ததும் ஸ்பூனால் நன்றாகக் கலக்குவது. கலக்கக் கலக்க சவர் கிரீம் இளகும், இளகியது பழைய கெட்டிக்கு முழுதாகத் திரும்பாது. மேலே நிற்கும் நீரை மட்டும் சாய்த்து ஊற்றிவிட்டு, உள்ளே இருப்பதை அலுங்காமல் எடுங்கள். வலை இரண்டு மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் ஒரு கப் சவர் கிரீமுக்கு 100 கிராம் கிரீம் சீஸ் சேர்க்கலாம். ஆனால் கிரீம் சீஸை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சேர்த்தால் கட்டி கட்டியாக நிற்கும், அந்தக் கட்டி வலையைப் பிழியும் பிளாஸ்டிக் பையின் துளையை அடைத்துக்கொள்ளும். வெளியே வைத்து மெத்தென்று ஆனதும் அதைத் தனியாக அடித்து, அதற்குள் சவர் கிரீமைச் சேருங்கள். சவர் கிரீம் கிடைக்காத ஊரில், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி நாலைந்து மணி நேரம் தொங்கவிட்டு வடித்தெடுத்தால் அருமையாக வேலை செய்யும்.

குவாக்கமோலி விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அவகாடோவை வெட்டியதும் அதிலுள்ள ஒரு நொதி காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து சதையைப் பழுப்பாக்குகிறது. கொட்டையை உள்ளே போட்டு வைத்தால் பழுப்பாகாது என்று பரவலாகச் சொல்வார்கள். கொட்டை மூடியிருக்கும் இடத்தில் காற்று படாது, அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் வழக்கம்போல் பழுப்பாகும். எலுமிச்சைச் சாறு நொதியின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் நிறுத்தாது. உண்மையில் உதவுவது காற்றை அண்டவிடாமல் செய்வதுதான். பிளாஸ்டிக் உறையைப் பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டுவதால் பயனில்லை, இடையில் காற்று இருக்கிறது. உறை குவாக்கமோலியின் மேல் நேராக ஒட்டிக்கொள்ளும்படி கையால் அழுத்திவிட வேண்டும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, அதையே நான் எல்லோருக்கும் சொல்கிறேன். வழக்கமான வரிசையை மாற்றிவிடுங்கள். பெரும்பாலான குறிப்புகளில் பீன்ஸ் அடியில், குவாக்கமோலி மேலே, அதன் மேல் வெள்ளை வலை. அதாவது, மிக வேகமாக நிறம் மாறும் பொருளையே மேசையின் வெளிச்சத்தில் காட்டுகிறோம். மாறாக, அடியில் வடிகட்டிய சல்சாவும் சீஸும், நடுவில் குவாக்கமோலி, எல்லாவற்றுக்கும் மேலே மசித்த கறுப்பு பீன்ஸ் என்று வைத்துப் பாருங்கள். குவாக்கமோலிக்கு இரண்டு பக்கமும் மூடி கிடைத்துவிடுகிறது. கறுப்பு மேல் வெள்ளை வலை எடுப்பாகத் தெரியும். பச்சை மேல் வெள்ளை இதில் பாதிகூட எடுபடாது. மென்மையான குவாக்கமோலி மேல் பீன்ஸைத் தடவுவது கொஞ்சம் சிரமம்தான். குவாக்கமோலி அடுக்கை உறையிட்டு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிடுங்கள். பீன்ஸை இட்லி மாவுப் பதத்துக்கு இளக்கி, அங்கங்கே ஸ்பூனால் வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாகப் பரப்புங்கள். அழுத்தித் தேய்த்தால் கீழே இருக்கும் பச்சை மேலே ஏறிவிடும்.

கறுப்பு நிறம் வேண்டுமென்று சாயத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. கறுப்பு பீன்ஸே போதும், ஆனால் அதன் நிறத்தை நாமே கழுவி ஊற்றிவிடுகிறோம். டின் பீன்ஸைக் குழாயடியில் தெளிந்த நீர் வரும்வரை கழுவினால் நிறத்தில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகும். லேசாக வடித்து, அந்தக் கரும் நீரில் இரண்டு ஸ்பூன் எடுத்து வைத்து, மசிக்கும்போது சேருங்கள். காய்ந்த பீன்ஸை ஊறவைப்பவர்கள், அதைக் கழுவி ஊறவைத்து, ஊறிய நீரிலேயே வேகவைத்தால் நிறம் தங்கும். பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், எலுமிச்சை, கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்து அரைத்தால் தனியாகவே சாப்பிடலாம் போல இருக்கும். ராஜ்மா பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வேகாத சிவப்பு ராஜ்மாவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. ஸ்லோ குக்கரின் மந்தச் சூட்டில் அது அழியாது. பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்தால் கவலையில்லை.

கரித்தூள் மட்டும் வேண்டாம். கறுப்பு ஐஸ்கிரீம், கறுப்பு பர்கர் என்று சில வருடங்களுக்கு முன் ஆக்டிவேட்டட் சார்கோல் ஒரு மோகமாக இருந்தது. அது மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் விஷ முறிவுக்கு மருத்துவமனையில் கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ தினமும் மாத்திரை எடுக்கும் விருந்தாளிக்கு அந்த மாத்திரையே வேலை செய்யாமல் போகலாம். 2018-இல் நியூயார்க் நகர சுகாதாரத் துறை உணவகங்களில் இதைத் தடுத்தது.

சரி, வலை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் சவர் கிரீமை நிரப்பி, மூலையைக் கத்தரிப்பார்கள். பெரிதாகக் கத்தரித்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் 2 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். முழு வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, பல்குச்சியால் நடுவிலிருந்து வெளியே இழுப்பது பலரும் செய்யும் முறை. சூப்பிலும் கேக் ஐசிங்கிலும் அது அழகாக வரும். பீன்ஸ் போன்ற கனமான பரப்பில் பல்குச்சி அடியில் இருப்பதையும் கிளறிக்கொண்டு வந்து, வெள்ளையை அழுக்காக்கிவிடும். இழுக்காமல் வரைவதே நல்லது. முதலில் நடுப்புள்ளியிலிருந்து விளிம்புவரை எட்டு நேர்கோடுகள். பிறகு பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை வளைவுகளால் இணையுங்கள். ஒவ்வொரு வளைவும் நடுப்புள்ளியை நோக்கித் தொய்ந்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் வளைத்தால் பூ மாதிரி ஆகிவிடும், முழு வட்டமாகப் போட்டால் அம்பெய்யும் பலகை மாதிரி. வரையும் முன் வெறும் தட்டில் ஒருமுறை பிழிந்து பாருங்கள்.

சிலந்திக்கு விதை நீக்கிய டின் ஆலிவ்தான் சரி. ஓர் ஆலிவை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் ஒரு பாதி உடல், மற்றப் பாதியை மெல்லியதாகச் சீவினால் எட்டுக் கால்கள். தலைக்கு இன்னொரு ஆலிவிலிருந்து சின்னத் துண்டு. சுவை பிரமாதமாக இருக்கட்டும் என்று கலமாட்டா ஆலிவை எடுத்தால் ஊதா நிறச் சாறு வெள்ளை வலையில் இறங்கும். டின்னில் வரும் கறுப்பு ஆலிவின் நிறத்தை ஃபெரஸ் குளுக்கோனேட் என்ற இரும்பு உப்பு சேர்த்து நிலைநிறுத்தியிருப்பார்கள், அதனால் சாயம் அவ்வளவாக இறங்காது. எதுவாக இருந்தாலும் டிஷ்யூவில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு வையுங்கள். பிளாஸ்டிக் சிலந்தியை டிப்பில் செருகுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அரையிருட்டில், சிறு பிள்ளைகள் கையைவிட்டு எடுத்துத் தின்னும் தட்டு அது. தொண்டையில் சிக்கும் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

பளபளப்புத் தூள் தூவுகிறவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். நச்சற்றது என்று எழுதியிருப்பதும் உண்ணத்தக்கது என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல, பின்னதுதான் உணவுக்கு. கண் மாதிரி செய்த சர்க்கரை மிட்டாய்கள் ஈரத்தில் கரைந்து கறுப்பாக ஒழுகும், அதனால் பரிமாறும் நிமிடத்தில்தான் வைக்க வேண்டும்.

பாத்திரத்தின் ஆழத்தை யாரும் கவனிப்பதில்லை. ஆழமான கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்குகள் பக்கவாட்டில் அழகாகத் தெரியும், ஆனால் சிப்ஸ் அடிவரை போகாது. மேலிருந்து வலையும் பீன்ஸும் காலியாகி, கீழே சல்சா மட்டும் அநாதையாக நிற்கும். 23 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டமான பை (pie) சுடும் தட்டு, அடுக்கெல்லாம் சேர்த்து 4 சென்டிமீட்டர் உயரம், அது போதும். வலையும் வட்டத்தில்தான் அழகு. சிப்ஸ் தடிமனாக இருக்கட்டும். ஃப்ரிட்ஜில் இறுகிய பீன்ஸில் மெல்லிய சிப்ஸ் உடைந்து உள்ளேயே தங்கிவிடும்.

உப்பைப் பொறுத்தவரை, வெறும் ஸ்பூனால் ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிப்ஸிலேயே உப்பு இருக்கிறது, சிப்ஸோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும் குளிர்ந்த பிறகு. சூடான பீன்ஸில் சரியாக இருந்த காரமும் உப்பும் குளிர்ந்தால் மங்கிவிடும்.

நம் ஆட்கள் வரும் விருந்தென்றால் இன்னொன்றும் இருக்கிறது. 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் அன்று எத்தனையோ பேர். டின்னில் வரும், மசித்து வதக்கிய மெக்சிகன் ரீஃப்ரைடு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். லேபிளில் லார்டு என்று இருக்கிறதா என்று பாருங்கள், சைவம் என்று அச்சிட்ட டின்னும் கிடைக்கும். சில சவர் கிரீம்களில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். பீன்ஸ் டிப்பில் என்ன அசைவம் இருந்துவிடப் போகிறது என்று அவர்கள் நம்பி எடுப்பார்கள். என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்று ஒரு சின்ன அட்டையில் எழுதித் தட்டுக்கு முன்னால் வையுங்கள். இந்த டிப்புக்குப் பதில் கொண்டைக்கடலையை அரைத்து ஹம்முஸ் செய்தால், அதில் எள் இருக்கிறது என்றும் எழுத வேண்டும். 2023 முதல் அமெரிக்காவில் எள்ளும் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று.

குடைந்த பூசணியைக் கிண்ணமாக்குவது அழகான யோசனை. ஆனால் வெட்டிய பூசணி உள்பக்கம் நீர் விட்டுக்கொண்டே இருக்கும். வாசலில் நாலு நாளாக இருந்த பூசணியை எடுக்கவே கூடாது. வெட்டியது கெடாமல் இருக்கச் சிலர் பிளீச் கலந்த நீரில் முக்கி எடுத்திருப்பார்கள். அன்றே வாங்கிய பூசணியைக் கழுவிக் குடைந்து, அதற்குள் ஒரு சின்னக் கிண்ணத்தை இறக்கி, டிப்பைக் கிண்ணத்தில் வையுங்கள். புகை வரவேண்டுமென்று உலர் பனிக்கட்டி வாங்குகிறவர்கள் அதை டிப்பின் மேலோ கிண்ணத்துக்குள்ளோ போடக் கூடாது. அதன் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸ், வாயில் பட்டால் புண்ணாகிவிடும். வெளித்தட்டில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், சன்னல் திறந்த அறையில் என்றால் சரி.

இனிப்பு டிப் செய்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். பூசணிக்கூழ் டின்னும், பைக்குள் (pie) வைக்கும் பூசணிக் கலவை டின்னும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டாவதில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதில் மறுபடி சர்க்கரை போட்டால் திகட்டிவிடும்.

கடைசியாக நேரம். பீன்ஸ், பால் பொருள், அவகாடோ எல்லாம் சேர்ந்த தட்டை 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு விதி. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான், டெக்சஸில் அக்டோபர் கடைசியிலும் அப்படிப்பட்ட பகல்கள் உண்டு. ஒரே பெரிய தட்டாகச் செய்யாமல் இரண்டு சின்னத் தட்டுகளாகச் செய்யுங்கள். ஒன்று மேசையில், மற்றொன்று வலை வரையாமல் உறையிட்டு ஃப்ரிட்ஜில். முதல் தட்டு நேரமானதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு, இரண்டாவதில் அப்போதுதான் வலை வரைந்து வெளியே கொண்டுவாருங்கள். மேசைக்கே வராமல் ஃப்ரிட்ஜிலேயே இருந்த தட்டு மறுநாள் மாலை வரை தாராளமாக ஆகும். சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வந்ததும் சாப்பிடுவார்கள்.