பழைய மாருதி 800 வாங்கும் முன் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்

796 சிசி, 3 சிலிண்டர், சுமார் 37 குதிரைத்திறன். கார்புரேட்டர் வைத்த பழைய 800-இன் எஞ்சின் இவ்வளவுதான். எளிமையானது, ஆனால் அதிகச் சூட்டை மட்டும் தாங்காது. ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடும் பகுதி) அலுமினியம் என்பதால் ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளைந்துவிடும், ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கட்டும் போய்விடும்.

அதனால் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்புறத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள் (சூடாக இருக்கும்போது தொடவே வேண்டாம்!). தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. எஞ்சின் சூடாகிறது என்று சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டையே (சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறிந்திருப்பார்கள். அது வைத்தியமே இல்லை.

அப்புறம், எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வாங்கியதும் புதிது போட்டுவிடுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ்கள் தாங்காது. விரலால் அழுத்திப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.